பாகற்காய் அக்காவின் முதல் மறுப்பு

பாகற்காய் அக்காவை நான் பார்த்ததே இல்லை. பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அவருடைய ஏழாவது குரோமோசோமைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏழு வருடமாக என்னிடம் படித்துவிட்டுப் போன அத்தனை பேரும் சொல்வார்கள். எங்களுக்கெல்லாம் எழுதிப் பழகிய சிலேட்டு அவர்தான்.

என் பெயர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மரபணுத் தரவுப் பயிற்சி மையம் நடத்துகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் இடம் கிடைக்காத கல்லூரி ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் இங்கே வந்து இரண்டு வாரம் தங்குவார்கள். ஒரு மனிதரின் மரபணுவைக் கணினியில் விரித்துவைத்து, எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது, அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்று வாசிக்கக் கற்றுக்கொண்டு சான்றிதழோடு போவார்கள். பாடம் எப்படியோ, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று மையத்துக்கு ஒரு பேர் உண்டு. அதை நான் மறுப்பதில்லை.

முன்பெல்லாம் பழகிப் பார்க்கத் தரவுக்குப் பஞ்சமே கிடையாது. இணையத்தில் கொட்டிக் கிடந்தது. அப்புறம் கம்பெனிகள் அதை அள்ளிக்கொண்டு போய் விற்க ஆரம்பித்தன. இன்சூரன்ஸ் கிடையாது என்று கையை விரித்தார்கள், நிச்சயம் செய்த கல்யாணங்களை நிறுத்தினார்கள். ஜாதகம் போய் ஜீன் வந்ததடா என்று ஊரே தலையில் அடித்துக்கொண்ட பிறகு மரபணு அனுமதிச் சட்டம் வந்தது. உங்கள் மரபணு உங்கள் சொத்து. யார் திறந்து பார்க்க வேண்டுமென்றாலும், ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்க வேண்டும். கேட்டால் உங்கள் கைப்பட்டை துடிக்கும். எந்தக் குரோமோசோம், என்ன காரணம் என்று ஒரு வரி வரும். கீழே இரண்டே பொத்தான்கள்: அனுமதி, மறுப்பு. கேட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யார் என்று கேட்டவருக்கும் தெரியாது.

நல்ல சட்டம்தான். நானே கை தட்டி வரவேற்றேன். ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. நான் பாடம் நடத்துவதற்காக எவன் தன் வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பான்? கணினி செய்து தரும் பொம்மை மரபணுவில் பழகினால் சான்றிதழ் கிடையாது என்றும் அதே சட்டம் சொன்னது. வகுப்புகள் வரிசையாக மூடின. நான் என் மனைவியிடம், ஜெராக்ஸ் கடை வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த நாளில்தான் மரபணு தர முன்வருபவர்களுக்கான பயிற்சிப் பட்டியலில் பெயரில்லாத ஓர் எண் வந்து சேர்ந்தது. யார் கேட்டாலும், எந்த நேரத்தில் கேட்டாலும், அந்த எண்ணிலிருந்து அனுமதி வரும். மறுப்பு என்பதே கிடையாது.

முதல் பாடமாக நாங்கள் வைத்திருப்பது ஏழாவது குரோமோசோமில் இருக்கிற, நாக்கில் கசப்பை உணர வைக்கும் ஜீன். எளிது, யாருக்கும் புரியும். அந்த எண்ணுக்கு உரியவர் பெண், சில கசப்புகள் அவர் நாக்கில் ஏறாது என்று கண்டுபிடித்ததும், "அப்ப பாகற்காய அல்வா மாதிரி சாப்பிடுவாங்க சார்" என்றான் அந்த வருடம் வந்த மாணவன் ஒருவன். அன்றைக்கு விழுந்த பெயர். கடைசி நாள் விருந்தில் அக்கா பேரைச் சொல்லிப் பாகற்காய்ப் பொரியல் கட்டாயம் உண்டு.

ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும் நான் ஒரு கேள்வி கேட்பேன். "உங்கள்ல யாரு உங்க மரபணுவப் பயிற்சிக்குத் தொறந்து விடுவீங்க?" ஒரு கையும் உயர்ந்ததில்லை. குறை சொல்ல மாட்டேன். நம்முடையது நம்முடையது மட்டுமா? பாதி தங்கச்சியினுடையது, பாதி மகளுடையது. வீட்டைக் கேட்க வேண்டும். இந்த வருடமும் பதினெட்டுப் பேரும் மேசையில் எறும்பு ஊர்கிறதா என்று பார்த்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இறால் மரபணுவை ஆராயும் ஜெஸிந்தா மட்டும் நிமிர்ந்தாள்.

"சாரோடது தொறந்திருக்கா?"

"எனக்கு ஒரு தம்பி இருக்காம்மா. ரெட்டை. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சது. எனக்கு என்ன எழுதியிருக்கோ அச்சு அசலா அதேதான் அவனுக்கும். ரெண்டு பேரும் அழுத்தினாத்தான் தொறக்கும்னு சட்டம். அவன் மாட்டேங்கான்."

"ஏன் சார்?"

"வக்கீல்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போனேன்.

முதல் வாரக் கடைசியில் துரைசிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கால்நடை மருத்துவர். வெண்பன்றிகளின் மரபணுவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். அளந்து பேசுகிற ஆள்.

"சார், பாடத்த முடிச்சிட்டு சும்மா இருந்தேன். எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஜீன் ஒண்ணே ஒண்ணுதான். அத அக்காகிட்டயும் பாப்பமேன்னு பத்தொம்பதாவது குரோமோசோமக் கேட்டேன். குடுத்துட்டாங்க. இந்தா பாருங்க, ஒரு எழுத்து மாறிக் கெடக்கு."

"எதுக்குள்ள ஜீன் இது?"

"தசைக்கு உள்ளது சார். பன்னிக்கு இதுல கோளாறு இருந்தா சும்மா நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. வண்டியில ஏத்தும்போது மெரண்டுதுன்னா ஒடம்பு கொதிச்சு அப்படியே விழுந்துரும். மனுசங்களுக்கு ஆபரேஷன் நேரத்துல சில மயக்க வாயு குடுப்பாங்கல்லா, அப்பத்தான் ஆபத்து. காய்ச்சல் எகிறும், தசையெல்லாம் வெறச்சுப் போவும். முன்கூட்டியே தெரிஞ்சா வேற மருந்து குடுத்துரலாம். ஒரு பிரச்சினையும் கெடையாது. தெரியாமப் போறதுதான் சார் ஆபத்தே."

மரபணு மாற்றங்களுக்கான உலகப் பட்டியலில் அந்த மாற்றத்தைத் தேடினேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆபத்தான வரிசையில் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏழு வருடமாக நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் நாக்கை மட்டுமே பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

சொல்லவும் வழியில்லை. உரியவர் தாமாக, கைப்பட்டையில் தனியாக இருக்கும் 'முடிவு கேட்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒழிய, வாசித்தவர் எதையும் அவருக்குத் தெரிவிக்கக் கூடாது. அழுத்தினால் அவர் பெயரும் போன் எண்ணும் உரிமம் பெற்ற எனக்கு வரும், நான் பேசலாம். அழுத்தாதவரிடம் வாயைத் திறந்தால் மையத்தின் உரிமம் போய்விடும். காரணம் எழுதும் வரியில் நைசாகச் சொல்லலாம் என்றால், முடிவு மாதிரி எது தெரிந்தாலும் கணினியே வழியில் பிடித்து நிறுத்திவிடும். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. வகுப்பில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "எத்தனையோ பேரு ஆயுசுக்கும் ஆபரேஷன் மேசையில ஏறாமலே இருக்காங்க, அக்காவும் அப்படியே இருக்கட்டும்" என்றேன். துரைசிங்கம் டீ குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை வகுப்பில் ஜெஸிந்தா பயிற்சிக்காக ஏழாவது குரோமோசோமைக் கேட்டாள். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'பயிற்சிக்காக' என்று ஒரே வார்த்தையை அடித்துவிட்டுப் போவார்கள். ஜெஸிந்தா யாருக்கு எழுதினாலும் சாப்பாட்டை விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறவள். முந்தின நாள் முழுக்க அக்கா நினைப்பாகவே இருந்திருக்கிறாள். கை பழக்கதோஷத்தில் 'சாப்டீங்களா அக்கா?' என்று அடித்து அனுப்பிவிட்டது.

திரையில் 'மறுப்பு' என்று வந்தது.

நான் அந்தச் சொல்லை அந்த எண்ணுக்கு எதிரில் பார்த்ததே கிடையாது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். "போச்சு, அக்கா கோவிச்சுக்கிட்டாங்க" என்றார் ஒருவர். நானும் என் பங்குக்கு, "காரணம் எழுதச் சொன்னா கத பேசுவியாம்மா" என்று சத்தம் போட்டேன். ஜெஸிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அவங்க நம்மள மறுக்கல. இன்னும் சாப்பிடலன்னு சொல்லுதாங்க."

"மணி பத்தரை ஆகுது."

"அதான் சார் நானும் கேக்கேன். பத்தரை வரைக்கும் ஏன் சாப்பிடாம இருக்காங்க?"

ஜெஸிந்தா வேறொரு குரோமோசோமைக் கேட்டு, காரணத்தில் 'விரதமா அக்கா?' என்று எழுதினாள். மறுப்பு. 'உடம்பு சரியில்லையா?' அனுமதி. 'ஆஸ்பத்திரியிலா இருக்கீங்க?' அனுமதி. 'ஆபரேஷனா?' அனுமதி. துரைசிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'இன்னைக்கா?' அனுமதி.

"வீட்ல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கான்னு கேளும்மா" என்றார் அவர்.

கேட்டாள். இந்தத் தடவை பதில் வரத் தாமதமானது. பிறகு அனுமதி என்று வந்தது.

நான் வெராந்தாவுக்கு ஓடி, சங்கரன்கோவிலில் இருக்கும் என் தம்பி கோமதிநாயகத்துக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, "ஏலே, கேள்வி கேட்டாத் தப்பா?" என்றேன்.

"கேள்வி கேட்டதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் தண்டன குடுத்தது கெடையாது. பதிலச் சொல்லிராத, அவ்வளவுதான்."

உள்ளே வந்து, 'முடிவு கேட்கும் பொத்தானை அழுத்துவீங்களா அக்கா?' என்று கேட்கச் சொன்னேன். மறுப்பு. ஜெஸிந்தா 'தயவுசெய்து' என்று சேர்த்து மறுபடி கேட்டாள். மறுப்பு. எனக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தன. தம்பி இன்னும் லைனில் இருந்தான்.

"மாட்டேங்காங்கடா. உசிரு விஷயம்னு புரியலியோ என்னமோ."

"புரிஞ்சுதாம்ல மாட்டேங்காவ. பதினாலாம் பிரிவ நீ படிச்சியா? முடிவு கேட்ட நிமிசமே அவங்க நோயாளி. நோயாளியோட மரபணு பயிற்சிப் பட்டியல்ல இருக்கப்பிடாது. ஒரேயடியா எடுத்துருவாங்க. திரும்பச் சேக்கவும் முடியாது."

உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது படித்த பிரிவுதான். இதுவரை யாரும் முடிவு கேட்காததால் அதற்கு வேலையே வரவில்லை, நானும் மறந்துபோனேன். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு காத்திருக்கும் ஒரு மனுஷி, நான் மூடிக்கொண்டால் நாளைக்கு இந்தப் பிள்ளைகள் எதை வைத்துப் படிக்கும் என்று யோசித்திருக்கிறார். நான் இதை வகுப்பில் சொன்னேன்.

"அப்ப நாம தொறந்துட்டா?" என்றாள் ஜெஸிந்தா.

அடுத்த அரை மணி நேரம் வெராந்தா, மாடிப்படி, மாமரத்தடி எங்கும் ஆட்கள் காதில் போனோடு நின்றார்கள். முதல் நாள் கேள்விக்குக் குனிந்த தலைகள்தான். ஜெஸிந்தாவின் அம்மா, கல்யாணம் கெட்டுப்போகும் என்று பயந்திருக்க வேண்டும். "இருந்தாத்தானம்மா கெடும், இன்னும் வரனே வரலியே" என்று இவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. துரைசிங்கத்தின் மனைவி, "பன்னியவே பாத்த மனுசன ஊரும் கொஞ்சம் பாக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். எல்லார் வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஒரு பெண் அழுது சிவந்த முகத்தோடு திரும்பி வந்து, அண்ணன் விடமாட்டேன் என்கிறான் சார் என்றாள். பரவாயில்லம்மா, அவருக்கும் பாதி உரிமை இருக்குல்லா என்று உட்காரவைத்தேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு என் போனைக் காதில் வைத்தேன். தம்பி வைக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"லே, நம்மளது" என்று ஆரம்பித்தேன்.

"இத்தன வருசமா மாட்டேன்னுதான சொல்லுதேன்?"

"ஆமா."

"பெறகும் கேக்க."

"கேக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அனுப்பு, அழுத்துதேன். ஆனா ஒண்ணு, ஒவ்வொரு தடவயும் காரணத்தப் படிச்சுப் பாத்துட்டுத்தான் அழுத்துவேன். உண்மையா இருந்தாத்தான் அனுமதி."

என்னையும் சேர்த்து எட்டு எண்கள் பட்டியலில் ஏறின. ஜெஸிந்தா கடைசியாக ஒரு கோரிக்கை எழுதினாள். 'நாங்க எட்டுப் பேர் திறந்துட்டோம். இனி நீங்க மூடலாம் அக்கா. சரியா?'

பதிலுக்காகப் பதினெட்டுப் பேரும் நானும் ஒரே திரையைச் சுற்றி நின்றோம். அனுமதியும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. தியேட்டருக்குள் கொண்டுபோயிருப்பார்களோ என்று துரைசிங்கம் மெல்லச் சொன்னார். நான் அவரை முறைத்தேன். அப்போது என் கைப்பட்டை துடித்தது. முடிவு கேட்கிறேன் என்று இருந்தது. கீழே ஒரு பெயரும் எண்ணும். சுகிர்தம், திருச்சி.

ஏழு வருடப் பழக்கம். ஆனால் குரலைக் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

"அம்மா, பாளையங்கோட்டைலேர்ந்து ஆவுடையப்பன். டாக்டர் பக்கத்துல இருக்காரா? உங்களுக்குச் சில மயக்க வாயு ஒத்துக்காதும்மா. உயிருக்கே ஆபத்து. வேற மருந்து இருக்கு. மயக்க மருந்து டாக்டர்கிட்ட போனக் குடுங்க."

பதறாமல் கொடுத்தார். ஜீனின் பெயரைச் சொன்னதுமே அந்த டாக்டரின் குரல் மாறிவிட்டது. இரண்டு கேள்விகள் கேட்டார். இன்றைக்குச் செய்ய வேண்டாம், மெஷினைச் சுத்தம் செய்து வேறு மருந்தில் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், பித்தப்பைக் கல்தானே, ஓடியா போகப்போகிறது என்றார். நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். போன் மறுபடி அக்காவின் கைக்கு வந்தது. நான் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"எங்கண்ணன் பதினாறு வயசுல குடல்வால் ஆபரேஷன்ல போயிட்டான். ஒடம்பெல்லாம் அனலா கொதிச்சுதுன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க. ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். பிறகு, "மொதல்ல அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க, சாப்டீங்களான்னு கேட்டாளே" என்றார்.

"இங்கதான் இருக்கேன் அக்கா."

"ஏழு வருஷமா கையில துடிச்சுக்கிட்டே இருக்கும். யாரோ கதவத் தட்டுற மாதிரி. ஆனா எப்பப் பாரு பயிற்சிக்காக, பயிற்சிக்காக. நீ ஒருத்திதான் சாப்டீங்களான்னு கேட்ட. அதுக்குப் போய் பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

ஜெஸிந்தா கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் இடையில் புகுந்து, பதினாலாம் பிரிவு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எழுதினதே நான்தானே. சட்டம் வரையற குழுவுல இருந்து ரிட்டயர் ஆனவ நான். எல்லாரையும் காப்பாத்தணும்னு பாத்துப் பாத்து எழுதினோம். ஒரே மாசத்துல வகுப்பெல்லாம் மூடிக் கெடக்குன்னு பேப்பர்ல வந்துச்சு. தப்பான சட்டம் இல்ல சார், இப்பவும் அதே மாதிரிதான் எழுதுவேன். அதனால சட்டத்தத் தொறக்க முடியாது. என்னோடதையாவது தொறந்து வைப்போம்னு வச்சேன். புள்ள குட்டி கெடையாது, கூடப் பிறந்தவனும் போயிட்டான். நான் யாரக் கேக்கணும்?"

துரைசிங்கம்தான் அடுத்து வாயைத் திறந்தார். "அக்கா, இனி சாப்பிடலாம்ல? ஒங்களுக்குப் பாகற்காய்னா உசிராச்சே."

"பாகற்காயா? சீ, வாயிலயே வைக்க மாட்டேன். யார் சொன்னா?"

என்னிடம் சான்றிதழ் வாங்கிய நூற்றுக்கணக்கான பேரை நினைத்துப் பார்த்தேன். நாக்கில் ஏறுவது வேறு, மனசுக்குப் பிடிப்பது வேறு என்பது எந்தக் குரோமோசோமிலும் எழுதப்படவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அக்காவுக்கும் விவரம் சொன்னதும் அவரும் சிரித்தார். அந்த வருட விருந்தில் பாகற்காய் இல்லை. மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார்.

அடுத்த வகுப்புக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று திருச்சியிலிருந்து வந்திருந்தது. வயது அறுபத்தாறு. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, இத்தனை நாள் கதவைத் திறந்துவிட்டேன், இனி ஒரு தடவை தட்டிப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தார். மூன்றாம் வரிசையில், விசிறிக்கு நேர் கீழே இடம் போட்டுக் கொடுத்தேன்.

முதல் பாடம் அன்று, எல்லோரும் கோரிக்கை அனுப்பும் நேரத்தில் என் கைப்பட்டை துடித்தது. ஏழாவது குரோமோசோம். காரணம்: சாப்டீங்களா? இப்படிக் கேட்பது அக்காதான். ஆனால் அவருக்கு நான் யாரென்று தெரியாது, பட்டியலில் நான் வெறும் ஓர் எண். நான் தலையைத் தூக்காமல் அனுமதியை அழுத்தினேன். உடனே போன் அடித்தது. வெராந்தாவுக்குப் போனேன்.

"ஏலே, யாரோ சாப்டீங்களான்னு கேட்டிருக்காவ" என்றான் தம்பி. "இது எப்படில ஒரு காரணமாகும்?"

"அத விட நல்ல காரணம் கெடையாது. அழுத்து."

"நான் இன்னும் சாப்பிடலியே. கேஸ் கட்டோட உக்காந்திருக்கேன். உண்மையச் சொல்லணும்னா மறுப்புதான அழுத்தணும்?"

"நானுந்தான் சாப்பிடல. அனுமதிய அழுத்துல, அந்தம்மா படிக்கணும்."

"பொய்யால சொல்லச் சொல்லுத?"

"வக்கீல்தானல நீ."

அவன் போனை வைத்துவிட்டான். நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூன்றாம் வரிசையில் திரை திறந்தது. சுகிர்தம் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எங்கள் இருவருடைய எழுத்துகளை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.